விசுவாசம் வறண்ட நாட்களில்

நமது பல்கலைக்கழகத் தமிழ் மாணவருள் கிறிஸ்தவர் மிகச் சிலரே. ஆயினும் இப்பொருள் பற்றி எழுதுமாறு என்னைக் கேட்டவர் ஒரு கிறிஸ்தவர் அல்லர். தம் அறைத்தோழருக்காகக் கேட்டார். "ஈராண்டாகச் சோர்ந்து கிடக்கிறான். முன்பு சித்தூருக்குப் போனால் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குச் செல்வான். இப்போது வேதப்புத்தகத்தைத் தொடுவதே இல்லை. கடவுளும் இல்லை, ஒன்றும் இல்லை என்கிறான். அப்படிச் சொல்லிவிட்டு அழுகிறான். நான் என்ன சொல்லட்டும்?" என்றார். சித்தூரிலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைக் கூறுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். துயரம் வேறு, மனச்சோர்வு வேறு. தேர்வில் தோற்றவன் இரண்டு நாள் வருந்துவான். மூன்றாம் நாள் நண்பர்களோடு காப்பி குடிக்கக் கிளம்பிவிடுவான். மனச்சோர்வு கொண்டவனுக்கோ பொழுது விடிவதற்கு நெடுநேரம் முன்பே உறக்கம் கலைகிறது. பசி இல்லை; படித்தது மனத்தில் நிற்பதில்லை; முன்பு இன்பம் தந்த எதுவும் இப்போது இன்பம் தருவதில்லை. இந்நிலை இரண்டு வாரம் நீடித்தாலே மருத்துவரைக் காண வேண்டும் என்பர். ஆண்டுக்கணக்கில் நீடிப்பதும் உண்டு.

"எதுவும் இன்பம் தருவதில்லை" என்றேன். அந்த 'எதுவும்' என்பதில் ஜெபமும் அடக்கம் என்பதை நம் கிறிஸ்தவ அன்பர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பாட்டில் சுவை போயிற்று, அம்மா சமைத்த குழம்பில் சுவை போயிற்று என்றால், "ஐயோ, உடம்பு சரியில்லை" என்கிறோம். ஆராதனையில் சுவை போயிற்று என்றால் மட்டும், "பின்வாங்கிப் போனான்" என்கிறோம். இது என்ன நியாயம்? சுவைக்கும் மனம் ஒன்றுதானே! அது நோயுற்றால் எல்லாச் சுவையும் ஒருங்கே போகிறது. கடவுள் தன்னைக் கைவிட்டார் என்று நோயாளி உறுதியாக நம்புகிறான். அந்த உறுதியில் ஒரு பெரும்பகுதி நோயின் குரல்.

சபைகளில் இத்தகையோருக்குக் கிடைக்கும் ஆலோசனையை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். "மறைத்து வைத்த பாவம் ஏதோ இருக்கிறது, அறிக்கையிடு" என்பார் ஒருவர். "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்பார் இன்னொருவர். ஏற்கெனவே தன்னைக் குற்றவாளி என்று எண்ணிக் குமைபவன் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றும் வேலை இது. இவர்கள் கையில் இருக்கும் வேதாகமமே இவர்களுக்குச் சாட்சி சொல்லாது. எலியா பெரிய தீர்க்கதரிசி. அவர் வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடினார். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பிரசங்கமும் செய்யவில்லை. அவரை உறங்க விட்டார். சுட்ட அடையும் தண்ணீரும் வந்தன. உண்டு மறுபடியும் உறங்கினார்; மறுபடியும் உணவு வந்தது. பேச்செல்லாம் நாற்பது நாள் நடைக்குப் பிறகுதான். ஒன்றாம் இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் இதைக் காணலாம். 88-ஆம் சங்கீதமோ இன்னும் வியப்பானது. மற்றப் புலம்பல்களில் இறுதியில் ஒரு கீற்று வெளிச்சமாவது வரும். இது இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்று சேர்த்து வைத்தார்களே, அவர்கள் மனம் எவ்வளவு பெரியது!

வரலாற்றிலும் ஒரு மனிதரைக் காட்டுகிறேன். ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் 1731-இல் பிறந்தவர். 1763-இல் மனம் உடைந்து, மருத்துவர் ஒருவரின் மனநல இல்லத்தில் தங்கிக் குணமடைந்தார். அங்கேதான் விசுவாசமும் பெற்றார். பின்னர் ஓல்னி என்ற சிற்றூரில், அடிமைக் கப்பல் தலைவராயிருந்து போதகரான ஜான் நியூட்டனோடு நட்புப் பூண்டார். 1773-இல் நோய் திரும்பியது. கடவுள் தன்னை என்றைக்குமாகத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. அதன்பின் அவர் ஆலயத்துக்குள் நுழையவே இல்லை. நியூட்டன் என்ன செய்தார்? வாதாடி வெல்ல முயன்று, வெல்ல இயலாதபோது கைவிட்டுவிடவில்லை. ஓராண்டுக்கு மேல் தம் வீட்டிலேயே அவரை வைத்துக் காத்தார். நோய் சற்றுத் தணிந்தபோது கூப்பர் முயல் வளர்த்தார், தோட்டம் போட்டார், ஹோமரை மொழிபெயர்த்தார். இருவரும் எழுதிய ஓல்னிப் பாடல்கள் 1779-இல் நூலாயின. கூப்பர் எழுதியவற்றைச் சபைகள் இன்றும் பாடுகின்றன. எழுதியவரோ 1800-இல் இறக்கும்வரை அவை தமக்கு உரியவை அல்ல என்றே நம்பினார். இக்கதைக்கு இனிய முடிவு இல்லை. ஆனால் அவர் இருபத்தேழு ஆண்டுகள் நண்பர்களின் அன்பில் வாழ்ந்தார் என்பது சிறிய செய்தி அன்று.

நம் நாட்டிலும் அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோது உலகம் திகைத்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கடவுளின் அண்மையை உணராமலே அவர் உழைத்திருக்கிறார். அவருக்கு இருந்தது மனச்சோர்வு நோய் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆன்ம இருளும் நோயும் ஒன்றல்ல. பதினாறாம் நூற்றாண்டிலேயே சிலுவை யோவான் என்ற துறவி இரண்டையும் பிரித்தறிய வேண்டும் என்றும், சில வேளை இரண்டும் சேர்ந்தே வரும் என்றும் எழுதினார். நான் சொல்வது இவ்வளவே: உணர்ச்சி போயிற்று என்பதால் உறவு போயிற்று என்று முடிவு கட்ட வேண்டாம்.

இனி மருந்து பற்றி. ஸ்டான்லி ஜோன்ஸ் என்ற அமெரிக்க மிஷனரி 1907-இல் இந்தியா வந்தார். சில ஆண்டுகளில் நரம்புத் தளர்ச்சியால் பலமுறை வீழ்ந்தார். லக்னோவில் ஓர் இரவு ஜெபத்தில் விடுதலை பெற்றதாக அவரே எழுதியுள்ளார். ஜெபத்தால் எழுந்தவராயிற்றே, மருத்துவரை இகழ்ந்தாரா? 1950-இல் அதே லக்னோவில் 'நூர் மன்சில்' என்ற மனநல மருத்துவமனையை நிறுவினார்! மாத்திரையை எதிர்க்கும் அன்பர்களிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

இயேசுவிடம் திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் கட்டிலோடு தூக்கி வந்து, கூரையைப் பிரித்து இறக்கிய கதை பலருக்குத் தெரியும். அங்கே இயேசு கண்டது *அவர்களுடைய* விசுவாசத்தை என்று மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவன் என்ன நம்பினான் என்று யாரும் விசாரிக்கவில்லை. நண்பனின் விசுவாசம் வறண்டிருக்கும் காலத்தில் அவனுக்காக மற்றவர் விசுவசிக்கலாம். தூக்குவது நம் வேலை. 1957-இல் தொடங்கிய வேலூர் பாகாயம் மனநல மையத்தின் முறை இதை எனக்கு நினைவூட்டுகிறது. அங்கே நோயாளியைத் தனியே விட்டுவிட்டு வருவதில்லை. குடும்பத்தாரும் உடன் தங்குகின்றனர், நோயைப் பற்றிக் கற்கின்றனர், பார்த்துக்கொள்ளப் பழகுகின்றனர்.

ஆகவே, கேட்ட நண்பருக்கு என் விடை: கடவுள் உண்டா என்று அவரோடு வாதாட வேண்டாம். "நீ நம்ப முடியாமல் இருக்கிறாய், சரி, நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். விடுதியில் சாப்பாட்டு நேரத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். மாலையில் சிறிது தூரம் உடன் நடங்கள். கோயிலுக்குப் போக அவருக்கு விருப்பமிருந்தால் கடைசிப் பெஞ்சில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கட்டும். பாடுவதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. மாறாக, அடக்கி வைத்ததை வெளியே சொல்ல வழி கிடைக்கிறது. ஆம் என்றால் அன்று அவரைத் தனியே விடாமல், உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

திருப்பதியிலேயே அரசு பொது மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வேலூர் செல்ல விரும்பினால் பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடிக்கு ரயில் உண்டு. அங்கிருந்து பாகாயத்துக்குப் பஸ். மருத்துவர் இரத்தச் சோகை, தைராய்டு ஆகியவற்றையும் சோதிக்கச் சொல்லலாம். அவையும் இதே சோர்வைத் தரும். மருந்து ஓரிரு நாளில் வேலை செய்யாது. இரண்டு முதல் நான்கு வாரம், சில வேளை அதற்கும் மேல் ஆகும். நலம் தெரிந்ததும் தாமாக நிறுத்தக்கூடாது. பல மாதங்கள் தொடர வேண்டும். 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' என்னும் அரசுச் சேவை இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.