இறாலுக்கு வக்காலத்து!

இறால் என்றதும் தொக்கும் வறுவலும் நினைவுக்கு வருகின்றனவா? பொறுங்கள்! இந்த இறாலைப் பிடித்துச் சட்டியில் போட்டால் அமெரிக்க சர்க்கார் உங்களைச் சும்மா விடாது.

கலிபோர்னியாவில் மாரின், ஸொனோமா, நாபா என்ற மூன்று ஜில்லாக்களின் சில ஓடைகளைத் தவிர, உலகில் வேறெங்கும் இந்த நன்னீர் இறால் கிடையாது. இரண்டு அங்குல நீளந்தான். மக்கிய இலைதழைகளே ஆகாரம். பெண் இறால் முட்டைகளை எட்டு, ஒன்பது மாதம் வயிற்றோடு சுமக்கிறது; நம் தாய்மார்களைப் போலவே! அந்தச் சமயத்தில்தான் குளிர்கால மழையில் ஓடை பெருக்கெடுக்கும். கரையோர மரங்களின் வேர்கள் தண்ணீரில் தொங்குமல்லவா? அவற்றைப் பற்றிக்கொண்டுதான் அது உயிர் பிழைக்கிறது.

மாடுகள் மிதித்துக் கரை சரிந்தது, மரம் போயிற்று, வேரும் போயிற்று. 1988-ல் சர்க்கார் இதை அழியும் பிராணிகளின் ஜாபிதாவில் சேர்த்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் இருந்த இதன் ஒரே நெருங்கிய உறவு அதற்கு முன்பே பூண்டோடு அற்றுவிட்டது.

1992-ல் ஸான் ஆன்ஸெல்மோ என்ற ஊரின் நாலாம் வகுப்புக் குழந்தைகள், அழியும் பிராணிகளைப் பற்றிப் பாடம் கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை. இந்த இறாலுக்காக வக்காலத்து வாங்கினார்கள்! பண்ணைக்காரர் ஒருவரின் சம்மதத்தோடு ஓடைக்கரையில் வில்லோ மரக் கொம்புகளை நட்டார்கள். அந்தக் காரியம் பள்ளிக்குப் பள்ளி பரவி, ஆயிரக்கணக்கான மாணவர்களைக் கரைக்கு இழுத்து வந்தது.

ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆனால் பாருங்கள், இறாலுக்கு வேண்டியதெல்லாம் பிடித்துக்கொள்ள ஒரு வேர். அதைக் கொடுக்கப் பத்து வயதுப் பிள்ளைகளின் கை போதுமாயிருந்தது!