விளம்பரத்துக்கு ‘லைன் கிளியர்’ கொடுக்கலாமா?

கடந்த நவம்பரில் ஒரு நாள் மாலை மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “என்னங்க, உங்க பி.பி.ஓ. நம்பர் என்ன? சீக்கிரம் சொல்லுங்க. இல்லேன்னா பென்ஷன் நின்னுடுமாம்!”

பதறிப்போய் இறங்கி வந்தேன். கைபேசியில் தமிழ்ச் செய்தி படித்துக்கொண்டிருந்தவளுக்குத் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. ஓய்வூதியர்கள் உயிர்ச் சான்றை உடனே புதுப்பிக்க வேண்டும் என்று எச்சரிக்கை. மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தொட்டு மூடப் பார்த்திருக்கிறாள். அது மூடவில்லை, ஒரு படிவம் திறந்துகொண்டது. நவம்பர் மாதம் உயிர்ச் சான்று கொடுக்கும் மாதம்தானே? உண்மை என்று நம்பி ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டாள். பி.பி.ஓ. எண் ஒன்றுதான் பாக்கி.

நல்ல வேளை, பணம் போகவில்லை. மறுநாளே வங்கிக்குப் போய் விவரம் சொல்லிவிட்டு வந்தோம். ஆனால் அன்று இரவு நான் கோபத்தில், “படிச்சவதானே, பார்த்துத் தொடக் கூடாதா?” என்று கேட்டுவிட்டேன். அவள் அமைதியாகச் சொன்னாள்: “மூணு மாசமா விளம்பரம் மறைக்குது, படிக்கவே முடியலைன்னு சொல்லிட்டு இருக்கேன். பெருக்கல் குறியைத் தொட்டு மூடுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

என்னிடம் பதில் இல்லை.

தவறு யாருடையது?

ரயில்வே சிக்னல் பிரிவில் 35 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். எங்கள் பிரிவின் முதல் பாடம், கருவி பழுதானால் சிக்னல் சிவப்புக்கு வந்துவிட வேண்டும் என்பது. வண்டி தாமதமாகும், பயணிகள் திட்டுவார்கள், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. சிவப்பு காட்ட வேண்டிய இடத்தில் பச்சை காட்டினால் அதற்கு ‘ராங் சைடு ஃபெயிலியர்’ என்று பெயர். அதைக் கேட்டாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். அப்போது பச்சையை நம்பி வந்த டிரைவரை யாரும் குற்றம் சொல்வதில்லை. கருவியைத்தான் திறந்து பார்ப்போம்.

மூடுவதற்கான குறி போல வரையப்பட்டு, தொட்டால் வேறெங்கோ இழுத்துச் செல்லும் பெருக்கல் குறியும் அதே ரகம்தான். ஒரே வேறுபாடு, இது பழுதல்ல, வேண்டுமென்றே செய்தது. நானோ டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

விளம்பரம் எப்படி வருகிறது?

நாம் ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால், செய்தி ஓரிடத்திலிருந்தும் விளம்பரங்கள் பெரும்பாலும் வேறு பல இடங்களிலிருந்தும் வருகின்றன. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கைபேசி அங்கே போக முடியும். முகவரி சொல்லும் இந்த ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். 1983-இல் வகுக்கப்பட்டது.

ஒற்றைப் பாதையில் அடுத்த ஸ்டேஷன் ‘லைன் கிளியர்’ கொடுக்காமல் வண்டி புறப்படாது அல்லவா? அதே போலத்தான். விளம்பர இடங்களின் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றைக் கேட்டால் மட்டும் முகவரி சொல்ல மறுக்கும் டி.என்.எஸ். நிலையங்கள் இருக்கின்றன. விளம்பர வண்டி புறப்படவே புறப்படாது. செய்தி மட்டும் வந்து சேரும்.

செய்ய வேண்டியது

2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இந்த வசதி கைபேசியிலேயே இருக்கிறது. செட்டிங்ஸில் தேடும் கட்டத்தில் ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரும். அதில் ‘ஹோஸ்ட் நேம்’ கேட்கும் இடத்தில் ‘டிஎன்எஸ், புள்ளி, ஆட்கார்ட், சிறுகோடு, டிஎன்எஸ், புள்ளி, காம்’ என்று ஆங்கில எழுத்துகளில், இடைவெளி விடாமல் எழுதிச் சேமிக்க வேண்டும். இது ஆட்கார்ட் நிறுவனத்தின் இலவசச் சேவை. பத்து நிமிட வேலைகூட இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் ‘யுபிளாக் ஆரிஜின்’ என்ற இலவசத் துணைநிரலைச் சேர்த்துக்கொள்வது இன்னொரு வழி. ஐபோன்காரர்கள் சஃபாரி உலாவியில் ‘கன்டென்ட் பிளாக்கர்’ சேர்க்கலாம். 2015 முதல் அந்த வசதி உண்டு.

இதிலும் குறைகள் உண்டு. யூடியூபில் படமும் விளம்பரமும் ஒரே இடத்திலிருந்து வருவதால் டி.என்.எஸ். முறையில் அதைத் தடுக்க முடியாது. சில பொது வைஃபை இடங்களில் இணைப்பே கிடைக்காமல் போகலாம். அப்போது அமைப்பைத் தற்காலிகமாக ‘ஆட்டோமேட்டிக்’குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது அந்த டி.என்.எஸ். நிறுவனத்துக்குத் தெரிய வரும் என்பதையும் மறக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் வரும் மோசடிச் செய்தியை இது தடுக்காது.

‘விளம்பர வருமானம் இல்லாமல் பத்திரிகை எப்படி நடக்கும்?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் இதழின் பின் அட்டையிலும் விளம்பரம் உண்டு. அது இல்லாவிட்டால் அச்சுக்கூலிக்குக் கையைப் பிசைய வேண்டியதுதான். ஆனால் அது வைத்த இடத்தில் இருக்கிறது. நாம் எந்தப் பக்கத்தைப் படிக்கிறோம் என்று எட்டிப் பார்ப்பதில்லை. நான் விரும்பிப் படிக்கும் இரண்டு பத்திரிகைகளுக்கு இப்போது சந்தா கட்டிவிட்டேன். அதுதான் முறை என்று தோன்றுகிறது.

விளம்பரத்துக்கு வேறு வேடம் போட்டு ஏமாற்றுவதையும் உள்ளிட்டு 13 வகைத் தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்திருக்கிறது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் சட்டம் வந்து சேர்வதற்குள் வீட்டில் ஒருவர் தொட்டுவிடுகிறார்.

மனைவியின் கைபேசியில் இப்போது செய்தி, செய்தியாக மட்டும் வருகிறது. “இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே” என்றாள். செய்திருக்கலாம்தான்.

உங்கள் வீட்டிலும் யாராவது ‘விளம்பரம் மறைக்குது’ என்று சொல்லிக்கொண்டிருந்தால், தயவுசெய்து அன்றே கவனியுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுகிறேன். கைபேசியோடு வாருங்கள், சேர்ந்தே செய்துவிடலாம்.