கட்டுச்சோறு இல்லாத விதை

வெள்ளகோவிலிலிருந்து ஒரு வாசகி கடிதத்தோடு சின்னக் காகித உறை ஒன்றும் வைத்து அனுப்பியிருந்தார். கொடைக்கானல் பக்கம் புல்வெளியில் இளஞ்சிவப்புக் கதிரோடு நின்ற ஆர்க்கிட் ஒன்றை மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்தாராம். செம்மண், தொழுவுரம், நிழல்வலை என்று பார்த்துப் பார்த்துச் செய்தும் நாற்பது நாளில் கிழங்கு அழுகிவிட்டது. கதிரின் அடியில் முன்பே முற்றியிருந்த இரண்டு காய்கள்தான் மிச்சம். 'மூலனூர்க்காரர்கள் வேலியில் கிடந்த கண்வலிக்கிழங்கைக் காட்டுக்குக் கொண்டுவந்து பயிராக்கவில்லையா? இதையும் விதையிலிருந்து வளர்க்க வழி சொல்லுங்கள்' என்று கேட்டிருந்தார்.

அம்மணி, அதைத் தோண்டியிருக்கக் கூடாது. இந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. பூவுக்குப் பின்னால் இரட்டை வால் இருந்தது என்று எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது சத்திரியம் நேபாலென்சே. பழனிமலையிலும் நீலகிரியிலும் புல்லோடு புல்லாக வளரும் தரை ஆர்க்கிட். மழைக்கு எழுந்து, பூத்து, காய்த்து, பிறகு கிழங்காக மண்ணுக்குள் அடங்கிவிடும்.

உறையைப் பிரித்தபோது ஒரு காய் வெடித்திருந்தது. மடிப்பில் முகப்பவுடர் போல ஒரு தூள். அதுதான் விதை. என் மூச்சுக்கே பாதி பறந்துவிட்டது.

காங்கேயத்தில் பிறந்தவர்களுக்கு விதை என்றால் என்னவென்று கொப்பரைக் களம் சொல்லும். தேங்காய் தன் பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறுதான் அந்தப் பருப்பு. நாம் அதை வாங்கிக் காயவைத்துச் செக்கில் போடுகிறோம். நெல்லும் கடலையும் கண்வலி விதையும் அளவில் சிறியவை, ஆனால் சோறு கட்டாமல் புறப்படுவதில்லை. ஆர்க்கிட் அப்படியல்ல. மெல்லிய ஒரு பை, அதற்குள் வேரும் இலையும் பிரியாத ஒரு கருத்துளி, அவ்வளவுதான். சோற்றுக்குப் பதில் எண்ணிக்கையை நம்பியிருக்கிறது அது. டார்வின் 1862-இல் வெளியிட்ட ஆர்க்கிட் நூலில் ஐரோப்பியத் தரை ஆர்க்கிட் ஒன்றின் விதைகளைக் கணக்கிட்டிருக்கிறார். காய்க்கு 6,200, செடிக்கு 1,86,300. அத்தனையும் முளைத்தால் கொள்ளுப்பேரன் காலத்தில் பூமியின் நிலப்பரப்பைக் கிட்டத்தட்ட முழுவதும் மூடிவிடும் என்று கணக்குப் போட்டவர், ஏன் அப்படி ஆகவில்லை என்பதற்கு விடை கண்டுபிடிக்கவில்லை.

விடை 1899-இல் பிரான்சில் கிடைத்தது. நோயல் பெர்னார் என்ற 25 வயது இளைஞர் ஃபோன்டென்புளோ காட்டில், இலைச்சருகுக்கு அடியில் புதைந்து கிடந்த ஆர்க்கிட் காயொன்றைக் கண்டார். உள்ளே விதைகள் முளைத்திருந்தன. முளைத்தவை எல்லாவற்றுக்குள்ளும் பூஞ்சை இழை புகுந்திருந்தது. பூஞ்சை விதைக்குள் நுழைந்து, செல்லுக்குள் நூல்கண்டு போலச் சுருள்கிறது. அந்தக் கண்டைச் செரித்துத்தான் கரு வளர்கிறது. பச்சையம் வருவதற்கு முன், மண்ணுக்குள் மாதக்கணக்கில், சில இனங்களில் ஆண்டுக்கணக்கில், அதற்கு வேறு சாப்பாடு கிடையாது.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட செய்தி ஒன்று உண்டு. இப்படிப் பால்கொடுக்கும் பூஞ்சைகளில் பல, ரைசோக்டோனியா என்று பொதுவாக அழைக்கப்படும் கூட்டத்தைச் சேர்ந்தவை. நம் பருத்திக்காட்டில் வேரழுகலைக் கொண்டுவருவதும் அதே கூட்டத்து உறவுதான். எங்கள் அப்பாரு செடியைப் பிடுங்கி வேரை மோந்து பார்த்துத் திட்டிய அதே வகையறா, மலையில் ஒரு பூவுக்குச் செவிலித்தாய். கிழங்கு அழுகிவிடுமோ என்று பூஞ்சைக்கொல்லி ஊற்றுகிறவர்கள் யாரைக் கொல்கிறோம் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

1922-இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் பூஞ்சையே இல்லாமல், சர்க்கரை கலந்த அகர் கூழில் ஆர்க்கிட் விதையை முளைக்க வைத்தார். இன்று கடைகளில் விற்கும் தொட்டி ஆர்க்கிட்டுகளின் வம்சமே அந்தக் குப்பியிலிருந்து வந்தது. ஆனால் மரத்தில் ஒட்டி வளர்பவற்றுக்குப் பலித்த அளவுக்குத் தரையில் வளர்பவற்றுக்கு அது எளிதாகப் பலிக்கவில்லை. பலவற்றுக்கு வெளிச்சம் பட்டாலே முளைப்பு நின்றுவிடும். குப்பியில் வளர்ந்தாலும் மண்ணுக்கு மாறும்போது பல செத்துப்போகும்.

அப்படியென்றால் காட்டு மண்ணில் விதைத்துப் பார்க்கலாமே என்பீர்கள். தூளை மண்ணில் தூவிவிட்டுப் பிறகு எப்படித் தேடுவது? 1993-இல் ஹன்னே ராஸ்முசன், டென்னிஸ் விக்ஹம் என்ற இருவர் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார்கள். பழைய புகைப்பட ஸ்லைடுகளுக்குப் போடும் சட்டத்தை எடுத்து, படத்துக்குப் பதிலாக மெல்லிய நைலான் வலைத்துணியை மடித்து, நடுவில் ஒரு சிட்டிகை விதை வைத்து மூடி, மண்ணில் செருகிவிட்டார்கள். துணியின் கண் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. விதை வெளியே போகாது, நீர் உள்ளே வரும், பூஞ்சை இழை தாராளமாக நுழையும். மாதங்கள் கழித்துச் சட்டத்தை வெளியே எடுத்து, பிரித்து, எத்தனை முளைத்தன என்று எண்ணிவிடலாம்.

திருப்பூர்க்காரர்களுக்கு இந்தத் துணியின் அருமை புரியும். என் சித்தப்பா நிட்டிங் மெஷின் ஓட்டியவர். மெஷினிலிருந்து இறங்கும் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கண் ஒரே சீராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆராய்ச்சி மாணவி, மண்ணிலிருந்து எடுத்த பொட்டலத்தை அதே மாதிரி சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக் காட்டினார். துணியெங்கும் பழுப்புப் புள்ளிகள், எல்லாம் உறங்கும் விதைகள். ஓரத்தில் மட்டும் வெள்ளையாக, ரவை அளவுக்கு, ஒரு மணி உருண்டிருந்தது. பூஞ்சை கிடைத்த பிள்ளை. பக்கத்திலேயே சில அடி தள்ளிப் புதைத்த இன்னொரு பொட்டலத்தில் ஒன்றுகூட முளைக்கவில்லை. தாய்ச்செடிக்கு அருகே முளைப்பதும், தள்ளிப் போகப்போகக் குறைவதும் பல ஆய்வுகளில் கண்டதுதான். நாம் ஒரே மண் என்று நினைப்பது அந்த விதைக்கு ஒரே மண் இல்லை.

அதன் ஊரைப் போலவே சூழலை அமைப்பது என்றால் நாம் கூட்டிக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பதுதான் அதிகம். உரம் வேண்டாம், கொத்திவிட வேண்டாம், கிழங்கு உறங்கும் மாதங்களில் தண்ணீர் வேண்டாம். இது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் வெள்வேல மரத்தை யார் நட்டார்கள்? ஆடு காயைத் தின்று, புழுக்கையோடு விதையைப் போட்டு, கொழுக்கட்டைப் புல்லின் நடுவே அது தானாக எழுந்தது. அப்பாரு செய்ததெல்லாம் கிளுவை வேலியைக் காத்ததும், ஏர் ஓட்டாமல் விட்டதும்தான்.

அப்படிப்பட்ட நிலத்துக்கு நாம் வைத்த பெயர் தரிசு. பழனிமலைப் புல்வெளியும் அப்படித்தான் வெற்றிடமாகத் தெரிந்தது. சீகையும் பைனும் யூக்கலிப்டசும் நட்டு நிரப்பினார்கள். ஒரு மரமும் வெட்டுப்படவில்லை, ஆனாலும் ஒரு காடளவு உயிர் போய்விட்டது. இங்கே கொறங்காடுகள் சைட்டாகின்றன. நாட்டுமருந்துக் கடையில் சாலாமிசிரி என்று விற்பதும் தரை ஆர்க்கிட்டுகளின் கிழங்குதான். அகத்தியமலையின் ட்ரூரி செருப்பு ஆர்க்கிட்டைச் சேகரிப்பாளர்கள் அள்ளி அள்ளியே அழிவின் விளிம்புக்குத் தள்ளினார்கள். ஒரு கிழங்கைப் பிடுங்கும்போது, லட்சம் தூளில் ஒன்று பூஞ்சையைச் சந்தித்த அந்த அரிய நிகழ்ச்சியைத்தான் பிடுங்குகிறோம்.

கண்வலி பற்றிக் கேட்டீர்கள். அது வேலியிலிருந்து காட்டுக்கு வந்தது. அதே மண், அதே வெயில், வழியில் சாப்பிட விதையிலும் கிழங்கிலும் இருப்பு. உங்கள் சத்திரியம் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்துக் குளிரிலிருந்து நம் வெயிலுக்கு இறங்கி வந்தது. வெள்ளகோவிலில் அது வளராது. தயவுசெய்து இன்னொன்றைக் கொண்டுவந்து பார்க்க வேண்டாம்.

விதையை நான் வீணாக்கவில்லை. வெடிக்காத காயையும் மிஞ்சிய தூளையும் புதிய உறையில் போட்டு, பனியன் ஏற்றுமதிப் பெட்டிகளில் வைக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடிபோட்ட சின்ன டப்பாவில் அடைத்து உங்கள் முகவரிக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஈரம் படாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். உலர்ந்த ஆர்க்கிட் விதை குளிரில் நெடுநாள் தாங்கும். அடுத்த மழைக்காலத்தில் மலைக்குப் போகும்போது, தோண்டிய அதே சரிவைத் தேடுங்கள். பக்கத்தில் அதே இனச் செடி வேறொன்று நின்றால் இன்னும் நல்லது. அதன் காலடியில், புல்லை விலக்கி, உறையை மெல்லத் தட்டிவிட்டு வாருங்கள். காற்று அடிக்காத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.