மோட்டார் வண்டியின் பெல்ட் கிரீச்சிடுவது ஏன்?

விடியற்காலையில் காரையோ ஜீப்பையோ கிளப்பியவுடன் அதன் முன்புறத்திலிருந்து ‘கிரீச்’ என்று காதைத் துளைக்கும் ஓசை எழுவதைப் பலரும் கேட்டிருப்பர். சில விநாடிகளில் அவ்வோசை தானே அடங்கிவிடுவதும் உண்டு. அடங்கியவுடன் அதனை மறந்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எஞ்சினின் சுழல் விசையைத் துணைக் கருவிகளுக்கு எடுத்துச் செல்லும் பெல்ட்டிலிருந்தே பெரும்பாலும் இவ்வோசை பிறக்கிறது. பெல்ட் தன் வழியில் எங்கோ வழுக்குகிறது என்பதே அதன் பொருள். வழுக்குவதற்குக் காரணம் யாதென அறிந்த பின்னரே பரிகாரம் தேட வேண்டும். காரணம் அறியாமல் பெல்ட்டை மட்டும் மாற்றுவது, கூரை ஒழுகும் வீட்டில் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பதை ஒக்கும்.

எஞ்சினின் முன்முனையில் கிராங்க் தண்டோடு சேர்ந்து சுழலும் கப்பி ஒன்று உண்டு. பட்டறைகளில் இதனைப் ‘புல்லி’ என்பர். இக்கப்பியில் மாட்டப்பட்ட பெல்ட், பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரையும், பல வண்டிகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்பையும், ஏ.சி. கம்பிரசரையும், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங் பம்பையும் சுழற்றுகிறது. 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் உற்பத்தியாகி, அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் உழைத்த அம்பாசடர் காரின் பழைய மாதிரிகளில், ஒரே ‘ஃபேன் பெல்ட்’ விசிறி, நீர்ப் பம்பு, மின் உற்பத்திக் கருவி ஆகிய மூன்றையும் ஓட்டி வந்தது. டிராக்டர்களில் இன்றும் இவ்வமைப்பைப் பெரிதும் காணலாம். இத்தகைய வண்டியில் பெல்ட் அறுந்தால் சிவப்பு நிற பாட்டரி விளக்கு எரியும். வெப்பத்தைக் காட்டும் முள் மளமளவென்று ஏறும். உடனே எஞ்சினை நிறுத்தாமல், ‘அடுத்த ஊர் வரையில் போய்விடலாம்’ என்று ஓட்டினால் சிலிண்டர் தலைப்பகுதி வளையும், கேஸ்கெட் கெடும். சிறு தொகையில் முடிந்திருக்க வேண்டிய வேலை பெருஞ்செலவாகிவிடும். பிரசவ வேதனையுற்ற பெண்ணை ஏற்றிக்கொண்டு இரவில் நகர மருத்துவமனைக்கு விரையும் வண்டியாக அது இருப்பின், நேரும் துன்பத்தைப் பணத்தால் அளவிட இயலாது.

ஓசை எழுந்தால் எண்ணெய் விடுவது உழவர்களுக்கு இயல்பாகிவிட்ட பழக்கம். கிணற்றுக் கப்பி கிரீச்சிட்டால் அதன் அச்சில் எண்ணெய் விடுகிறோம். மாட்டு வண்டியின் அச்சுக்கு மசகு இடுகிறோம். அங்கே உராய்வைக் குறைப்பதே பரிகாரம். பெல்ட்டின் செய்தி இதற்கு நேர்மாறானது. பெல்ட் வேலை செய்வதே உராய்வினால்தான். அதன்மேல் எண்ணெய் பட்டால் பிடிப்புப் போய்விடும். ரப்பரும் ஊறி உப்பிக் கெடும். மற்றொரு பழக்கமும் உண்டு. தட்டை பெல்ட்டுகள் ஓடிய காலத்தில், பிடிப்பு உண்டாகும்பொருட்டு அவற்றின்மேல் பிசின் தடவுவார்கள். அந்த வழக்கத்தின் மிச்சமாக, இன்று குப்பியில் அடைத்து விற்கப்படும் பிசுபிசுப்பான திரவத்தைக் கார் பெல்ட்டின்மேல் பீச்சுகின்றனர். ஓசை சில நாள்கள் அடங்கும். பின்னர் அப்பிசுக்கில் புழுதி ஒட்டிப் பெல்ட்டும் கப்பியும் தேயும். காரணமோ மறைந்தபடியே இருக்கும். இவ்விரண்டையும் அறவே விலக்க வேண்டும்.

பெல்ட் எவ்வாறு பற்றுகிறது என்பதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். அமெரிக்க நாட்டு டென்வர் நகரில் கேட்ஸ் ரப்பர் கம்பெனியைச் சேர்ந்த ஜான் கேட்ஸ் என்பவர் 1917-ஆம் ஆண்டில் ரப்பரும் துணியும் சேர்ந்த வி-பெல்ட்டை உருவாக்கினார். இது ஆப்பு வடிவமுடையது. மரத்தில் அடித்த ஆப்பு இரு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்பதுபோல், இதுவும் கப்பியின் பள்ளத்தில் தன் இரு பக்கங்களாலேயே பற்றுகிறது. அடிப்பாகம் பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. தேய்ந்த பெல்ட் பள்ளத்தினுள் ஆழ இறங்கித் தரையைத் தொட்டுவிடும். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கவே செய்யும். பள்ளத்தின் அடித்தளம் கண்ணாடிபோல் மின்னுமாயின் இதுவே நேர்ந்துள்ளது என்று உறுதிகொள்ளலாம். இக்காலக் கார்களில் இதற்குப் பதிலாக, உட்புறத்தில் நீளவாக்கில் பல சிறு வரிகள் கொண்ட அகன்ற பெல்ட் ஒன்றே எல்லாக் கப்பிகளையும் சுற்றி வளைந்து வளைந்து ஓடுகிறது. ஒவ்வொரு வரியும் ஒரு சிறு வி-பெல்ட் என்றே கருதலாம்.

இனி ஓசையை ஆராய்வோம். இதில் இரு வகை உண்டு. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதாலேயே பெரும்பாலான வீண் செலவுகள் நேருகின்றன. முதலாவது, நீண்டு ஒலிக்கும் கிரீச்சொலி. எஞ்சினின் வேகத்தை உயர்த்தினாலோ பாரம் ஏற்றினாலோ இது ஓங்கும். இது பெல்ட் தளர்ந்து வழுக்குவதன் அடையாளம். இரண்டாவது, குருவி கத்துவதுபோல் விட்டு விட்டு, தாளம் தவறாமல் வரும் ‘கீச், கீச்’ என்ற சிற்றொலி. எஞ்சின் மெல்ல ஓடுகையில் இது தெளிவாகக் கேட்கும். வேகம் உயர்ந்தால் மற்ற ஓசைகளில் கலந்து மறையும். இது பெரும்பாலும் கப்பிகளில் ஒன்று நேர்கோட்டிலிருந்து விலகியிருப்பதைக் குறிக்கும். அகன்ற வரி பெல்ட்டுக்கு, ஓர் அடி நீளத்தில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் விலகல் இருந்தாலே போதும், ஓசை எழும்பிவிடும். இந்நிலையில் புதிய பெல்ட் மாட்டினால் ஓசை ஓங்குவதும் உண்டு. புதிய பெல்ட்டின் வரிகள் பள்ளத்தை நன்கு கவ்வுவதே அதற்குக் காரணம்.

ஓசை எந்நேரத்தில் எழுகிறது என்பதும் ஒரு சாட்சியாகும். கிளப்பியவுடன் எழுந்து சிறிது நேரத்தில் அடங்கினால் ஆல்டர்னேட்டரை நினைக்க வேண்டும். எஞ்சினைக் கிளப்புவதில் செலவான மின்சாரத்தை அது பாட்டரிக்குத் திரும்ப ஊட்டுகிறது. 14 வோல்ட்டில் 70 ஆம்பியர் தருங்கால் அஃது ஏறத்தாழ 1 கிலோவாட் ஆகும்; இழப்பையும் சேர்த்தால் இரண்டு குதிரைச் சக்திக்கு மேல் பெல்ட்டிலிருந்து இழுக்கிறது. அன்றியும் அதன் கப்பி சிறியது. எஞ்சினைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் சுழல்வது. பெல்ட் அதனைத் தழுவும் பரப்பும் குறைவு. ஆகவே வழுக்கல் முதலில் அங்கேதான் வெளிப்படும். கிளப்பும்போதே எஞ்சின் சோம்பிச் சுழன்றால் பாட்டரியையும் சோதித்தல் நலம். பனிக்கால விடியலில் ஈரத்தினால் மட்டுமே ஓரிரு விநாடி ஓசை எழுமாயின், அதற்காகக் கவலை கொள்ள வேண்டியதில்லை. ஏ.சி.யைப் போட்டவுடன் ஓசை எழுந்தால் கம்பிரசரின் பாரம் காரணமாகலாம். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்பொழுது எழுந்தால் பவர் ஸ்டியரிங் பம்பின் பாரத்தைக் கருத வேண்டும். இன்றைய சிறு கார்கள் பலவற்றில் ஸ்டியரிங்குக்கு மின் மோட்டாரே துணை செய்வதால் அவற்றுக்கு இச்சோதனை பொருந்தாது.

எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்குமுன் ஓர் எச்சரிக்கை கூறியாக வேண்டும். தோளில் துண்டுடன் ஓடும் எஞ்சின்மேல் குனிந்து பார்ப்பது நம் ஊர்களில் நாள்தோறும் காணும் காட்சி. ஓடும் பெல்ட் துண்டின் நுனியைப் பற்றினால் கண்ணிமைக்கும் நேரத்தில் கழுத்தையும் சேர்த்து இழுத்துவிடும். துண்டு, தொங்கும் சங்கிலி, தளர்ந்த சட்டைக் கை, முடியாத கூந்தல் ஆகியவை எஞ்சினின் அருகே வரலாகாது. ஓடும் பெல்ட்டைக் கையாலோ குச்சியாலோ தொட்டுப் பார்த்தல் கூடவே கூடாது. மின் விசிறி பொருத்திய வண்டிகளில், எஞ்சின் நின்ற பிறகும் சூட்டினால் விசிறி தானே சுழலத் தொடங்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தளர்ச்சியா, கப்பியின் விலகலா என்று பிரித்தறியக் காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கியரை நியூட்ரலில் வைத்து, கைப் பிரேக்கை இட்டு, எஞ்சினை மெல்ல ஓடவிட வேண்டும். சலவைக்காரர் பயன்படுத்தும் தண்ணீர் தெளிப்புக் குப்பியினால், எட்ட நின்று, பெல்ட்டின் வரியுள்ள உட்புறத்தில் சிறிது தண்ணீர் தெளிக்க வேண்டும். ஓசை உடனே அடங்கிச் சிறிது நேரத்தில் திரும்பினால் கப்பி நேராக இல்லை. மாறாக, ஓசை உடனே ஓங்கினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. தண்ணீரால் யாதொரு மாறுதலும் இல்லையெனில் பெல்ட்டை விட்டுவிட்டுக் கப்பிகளின் பேரிங்குகளை ஆராய வேண்டும். வாளியிலிருந்து நீரைக் கொட்டுவது சோதனையாகாது. மின் இணைப்புகள் நனைந்து வேறு தொல்லை விளையும்.

பின்னர் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டுப் பெல்ட்டைப் பார்க்கலாம். பக்கங்கள் பளபளவென்று மெருகேறியிருந்தால் வெகுநாளாய் வழுக்கியிருக்கிறது. எண்ணெயோ ரேடியேட்டர் நீரோ படிந்திருந்தால், அவை எங்கிருந்து கசிகின்றன என்பதைக் கண்டு அடைத்த பிறகே புதிய பெல்ட் மாட்ட வேண்டும். பழைய வகை ரப்பர் பெல்ட்டில் ஒரே வரியில் 3 அங்குல நீளத்துக்குள் மூன்று விரிசல் கண்டால் அதன் ஆயுள் முடிந்தது என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. இப்பொழுது பெரும்பாலும் வழங்கும் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர் பெல்ட்டுகளோ எளிதில் வெடிப்பதில்லை. டயரைப்போல் பள்ளம் அகன்று தேய்கின்றன. ஆதலால் ‘வெடிப்பில்லை, பெல்ட் நன்றாயிருக்கிறது’ என்ற தீர்ப்பை நம்புவதற்கில்லை.

வி-பெல்ட்டின் இறுக்கத்தை அறிய, இரு கப்பிகளுக்கு நடுவே உள்ள நீண்ட பகுதியைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பர். ஏறத்தாழ 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை தாழ்வது பொதுவான அளவு. வண்டியின் கையேட்டில் கண்ட அளவே முடிவானது. ஓசை போக வேண்டும் என்று கம்பிபோல் இறுக்குவோர் உளர். ஓசை போவது உண்மையே; ஆனால் நீர்ப் பம்பின் பேரிங்கும் ஆல்டர்னேட்டரின் பேரிங்கும் விரைவில் உயிர் விடும். வரி பெல்ட் உள்ள கார்கள் பலவற்றில் சுருள்வில் கொண்ட டென்ஷனர் என்னும் கருவி தானே இறுக்கம் காக்கிறது. எஞ்சின் மெல்ல ஓடும்பொழுது அதன் கை பதறித் துடித்தால் அது தளர்ந்துவிட்டது அல்லது ஆல்டர்னேட்டர் கப்பி பழுதாகியிருக்கிறது என்று கொள்ளலாம்.

பேரிங்கைச் சோதிக்கப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்ற வேண்டும். ஓசையின்றி வழவழவென்று சுழல்வது நல்லது. கரகரப்போ ஆட்டமோ தென்பட்டால் குற்றவாளி அதுவே. இறுகிப்போன பேரிங் பெல்ட்டை வழுக்கச் செய்யும். அந்நிலையில் எத்தனை பெல்ட் மாற்றினும் பயனில்லை.

பஞ்சாயத்து வண்டிகளின் பழுதுபார்க்கும் பில்லில் கையொப்பமிடும் உறுப்பினர்கள் இங்கே ஒன்று செய்யலாம். ‘பெல்ட் மாற்றப்பட்டது’ என்ற ஒரு வரியோடு திருப்தியடையாமல், கழற்றிய பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ஒரு பக்க வரி மட்டும் தேய்ந்து நூல் பிரிந்திருந்தால் கப்பி கோணலாயிருக்கிறது; அதனை நேராக்கினீர்களா என்று வினவ வேண்டும். ஒரே வண்டிக்கு ஓராண்டில் இரண்டாம் முறையும் பெல்ட் வாங்கியதாக வண்டிப் பதிவேடு காட்டுமாயின், காரணம் இன்னும் கண்டறியப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

டிராக்டர் வைத்திருப்போர்க்கும் மேற்கூறியவை பொருந்தும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசி கப்பிப் பள்ளத்தில் அடைந்து பெல்ட்டை வழுக்கச் செய்வது சாதாரணம். வாரம் ஒருமுறை எஞ்சினை நிறுத்தி உலர்ந்த துணியால் துடைத்தல் போதும். பவர் டில்லரிலும் அரைவை ஆலையிலும் இரண்டு மூன்று வி-பெல்ட்டுகள் ஒன்றாக ஓடினால், ஒன்று கெட்டாலும் எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்ற வேண்டும். நீளம் வேறுபட்டால் பாரம் முழுவதும் குட்டையான பெல்ட்டின்மேல் விழும். புதிய வி-பெல்ட் முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே சற்றுத் தளரும். மாட்டிய அன்றே வேலை முடிந்தது என்று எண்ணாமல், ஒருநாள் ஓட்டிய பின்பு எஞ்சின் ஆறியதும் மீண்டும் பெருவிரலால் அழுத்திப் பார்த்து, வேண்டிய அளவு இறுக்கிக்கொள்ள வேண்டும்.