மூக்கில் வளரும் சிவப்புச் சதை: ரைனோஸ்போரிடியோசிஸ்

இந்நோயில் மூக்கில் வளரும் சதையை உற்றுப் பாருங்கள். ஸ்ட்ராபெரிப் பழத்தின் தோலில் இருப்பதுபோல் புள்ளிகள் தெரியும். அந்த வெண்புள்ளிகள் ஒவ்வொன்றும் நோய்க்கிருமியின் வித்துப்பை. முற்றிய பையின் உள்ளே ஆயிரக்கணக்கான நுண்வித்துகள். வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்கு வளரும் நோய்க்கிருமி அபூர்வம்.

இது புற்றுநோய் அல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதாகவும் தெரியவில்லை. மூக்கு அடைக்கும், லேசாகத் தொட்டாலே ரத்தம் வரும்.

உலகில் இந்நோய் அதிகம் காணப்படுவது இந்தியாவிலும் இலங்கையிலும்தான். தமிழ்நாட்டில் ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம், கண்மாய், குளங்களில் குளிப்பவர்களிடம் மருத்துவர்கள் இதை நெடுங்காலமாகப் பார்த்து வருகிறார்கள். இந்நோயோடு சேர்த்துப் பேசப்படுவது பழவேற்காடு போன்ற உவர்நீர் ஏரி அல்ல, தேங்கிய நன்னீர். ஆகவே கவனிக்க வேண்டியது மாடும் மனிதரும் சேர்ந்து இறங்கும் குளத்தை.

1900-இல் புவெனஸ் அயர்ஸில் கில்லெர்மோ சீபர் இக்கிருமியை விவரித்தார். பிறகு வெகுகாலம் இதைப் பூஞ்சை என்றே நம்பினார்கள். 1999-இல் வெளியான மரபணு ஆய்வு, மீன்களைத் தாக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கு இது உறவு என்று காட்டியது. மீன் சாப்பிடுவதால் இந்நோய் வரும் என்பதற்குச் சான்று இல்லை, பயப்பட வேண்டாம்.

சிகிச்சை அறுவைதான். சதையை அடியோடு எடுத்து, ஒட்டியிருந்த இடத்தை மின்சூட்டால் தீய்ப்பார்கள். அப்படியும் சிலருக்குத் திரும்ப வளரும். அதைக் குறைக்க டாப்சோன் மாத்திரை தருவதுண்டு. ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்து ரத்தம் கசிந்தால், கைவைத்தியம் பார்க்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.