சீமையத்தியும் பக்குவ காலமும்

வீட்டுத் தோட்டத்திற் சீமையத்தி வளர்ப்போர் பலர், காய் பருத்தும் கனியாது நிற்றல் கண்டு மனஞ்சோர்ந்து பறித்துவிடுகின்றனர். அதனால் அவ்வாண்டின் உழைப்பு முழுதும் வீணாகின்றது. மாவும் வாழையும்போல அத்தி பறித்தபின் பழுப்பதன்று; பச்சையாய்க் கொய்த காய் வாடுமேயன்றி இனியாது.

அத்திக்காய் மூன்று நிலைகளில் வளர்கின்றது. முதலில் விரைந்து பருக்கும். பின் பல வாரம் உறங்குவதுபோற் கிடக்கும். இறுதியிற் சில நாட்களுக்குள் மீண்டும் பெருத்து, மென்மையுற்று, காம்பு தளர்ந்து தொங்கும். பெருங்கனி வேண்டுவோர் நெருங்கிய கிளைகளைக் களைந்து, வெயில் படச்செய்து, ஒரு சீராக நீர் பாய்ச்சுதல் வேண்டும். வறட்சியாற் காய் உதிரும். பழுக்குங்கால் நீர் மிகின் வெடிக்கும்.

இரண்டாம் நிலையின் முடிவில் காயின் கண்ணில் ஒரு துளி ஒலிவ எண்ணெய் தடவுவது பழைய முறை. அதனாற் காயினுள் எதிலீன் என்னும் வாயு மிகுந்து, பழுத்தல் விரையும். முன்கூட்டித் தடவிற் பயனில்லை. எகிப்திய காட்டத்தியைக் கீறினால் 4 நாளிற் பழுக்குமென்று கி. மு. 4-ஆம் நூற்றாண்டினரான தியோபிராஸ்டஸ் எழுதியுள்ளார். கீறலும் அவ்வாயுவையே எழுப்புகின்றது. ஆமோஸ் தீர்க்கதரிசியும் காட்டத்தியோடு பழகியவரே.

லூக்கா சுவிசேஷத்துத் தோட்டக்காரன், கனியற்ற அத்தியை வெட்டாது, கொத்தி எருவிட இன்னும் ஓராண்டு தவணை வேண்டினான். அத்தி வளர்ப்போராகிய நாமும் அப்பொறுமையைக் கைக்கொள்வோமாக.