காரம் ஏறாத தைலம்

இஞ்சி தின்ற குரங்கின் முகம் எப்படியிருக்கும் என்று தமிழில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த முகச் சுளிப்புக்குக் காரணமான பொருள் இஞ்சித் தைலத்தில் ஏறக்குறைய இல்லவே இல்லை. நீராவியில் காய்ச்சி வடித்த சுத்தமான தைலத்தின் குப்பியைத் திறந்தால் எலுமிச்சையும் புதிதாய் இழைத்த மரமும் கலந்தாற்போல் ஒரு மணம் குப்பென்று வரும். இஞ்சியின் உறைப்பு மட்டும் வராது. காசு கொடுத்து வாங்கியவர் 'இது கலப்படம்' என்று சண்டைக்குப் போனாலும் கடைக்காரர்மேல் தப்பில்லை. இஞ்சியின் இயல்பே அப்படி.

இஞ்சிக்குள் மணம் ஒரு கூட்டம், காரம் வேறொரு கூட்டம். மணத்தில் பெரும்பங்கு ஜிஞ்சிபெரீன் என்ற பொருளுடையது. அதற்குத் துணையாக பிசபொலீன், கேம்ஃபீன், எலுமிச்சை வாசம் தரும் சிட்ரால் எல்லாம் உண்டு. இவை நீராவியோடு சேர்ந்து ஏறிவிடும். காரம் தருவது ஜிஞ்சரால். அது ஏறாது, கொப்பரையிலேயே தங்கிவிடும். இஞ்சி காயும்போது இந்த ஜிஞ்சராலில் ஒரு பகுதி தன்னிடமுள்ள நீரை இழந்து ஷோகால் ஆகிறது. ஜப்பானியர் இஞ்சியை 'ஷோகா' என்பார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. ஷோகாலுக்குக் காரம் இன்னும் கூடுதல். பச்சை இஞ்சியைவிடச் சுக்கு தொண்டையைச் சுடுவதில் இதற்குப் பங்குண்டு.

தைலம் எடுக்கும் முறை நமக்குப் புதிதல்ல. ஊட்டிப் பக்கம் மலைச்சரிவில் யூகலிப்டஸ் இலையைக் கொப்பரையில் திணித்துத் தைலம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்குப் பாதி பாடம் தெரியும். கீழே நீராவி, நடுவில் சரக்கு, மேலே குழாய், குழாயைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர், கடைசியில் ஒரு பாத்திரம். அதில் தண்ணீரும் தைலமும் சேர்ந்தே விழும். இஞ்சித் தைலம் தண்ணீரைவிட லேசு என்பதால் மேலே மிதக்கும், வழித்தெடுக்கலாம். கிராம்புத் தைலமாக இருந்தால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதில் வியப்பான விஷயம் ஒன்று உண்டு. ஜிஞ்சிபெரீனைத் தனியாகக் கொதிக்க வைக்க 200 டிகிரிக்கு வெகு மேலே சூடேற்ற வேண்டும். அந்தச் சூட்டில் அது கருகிக் கெட்டுப்போகும். ஆனால் தண்ணீரோடு சேர்த்துக் காய்ச்சினால் 100 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவே கிளம்பிவிடுகிறது. ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களைச் சேர்த்துச் சூடாக்கும்போது இரண்டின் ஆவி அழுத்தமும் கூடி, வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டியதும் கொதி வந்துவிடும். தனியாக ஏற முடியாதது தண்ணீரின் தோளில் ஏறிப் போகிறது. ஆனாலும் பொறுமை வேண்டும். யூகலிப்டஸின் சினியோல் 10 கார்பன் கொண்ட சின்ன மூலக்கூறு, சட்டென்று வந்துவிடும். ஜிஞ்சிபெரீனுக்கு 15 கார்பன். அவசரப்பட்டு முன்னதாகவே அடுப்பை அணைத்தால் முதலில் ஏறும் லேசான சரக்குதான் கிடைக்கும். இஞ்சிக்கே உரிய அந்தக் கனத்த அடிமணம் கொப்பரையில் நின்றுவிடும்.

பெரிய அளவில் இந்தத் தொழில் நடப்பது கேரளத்தில், எர்ணாகுளத்தைச் சுற்றி. கோலஞ்சேரியில் சி.வி. ஜேக்கப் 1972-இல் தொடங்கிய சிந்தைட் அங்குள்ள நிறுவனங்களில் ஒன்று. கொச்சிச் சுக்கு, கள்ளிக்கோட்டைச் சுக்கு என்று சந்தையில் இரண்டு பெயர்களுக்கும் பழைய மதிப்பு உண்டு. ஆனால் மளிகைக் கடையில் மதிப்புப் பெறும் சுக்கும் ஆலைக்காரர் தேடும் சுக்கும் ஒன்றல்ல. எண்ணெய் அறைகள் இஞ்சியின் தோலுக்கு நேர் கீழே நிறைய இருக்கின்றன. ஆழமாகச் சீவினால் மணம் தோலோடு போய்விடும். அதனால்தான் கேரளத்தில் கத்தியை விட்டு, கூராக்கிய மூங்கில் சிம்பால் மேல்தோலை மட்டும் சுரண்டுகிறார்கள். ஆலைக்கு அதுகூட வேண்டாம், தோல் சீவாத சுக்கே போதும். சுண்ணாம்பு பூசி வெளுப்பாக்கிய அழகுச் சுக்கை வாங்கி அரைப்பது காசுக்குக் கேடு.

அரைப்பதிலும் பதம் உண்டு. ரவை போல ஒன்றிரண்டாக உடைத்தால் நீராவி எல்லாப் பக்கமும் புகும். மாவாக்கினால் சுக்கிலுள்ள மாவுச்சத்து கூழாகிக் கட்டிதட்டி, நீராவி ஏதோ ஒரு பொந்து வழியே மட்டும் போய்வரும். போதாததற்கு அரவைச் சூட்டிலேயே மணத்தில் ஒரு பங்கு பறந்துவிடும்.

கிடைப்பது எவ்வளவு? கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகங்களில் வரதாவின் சுக்கில் சுமார் 1.8 சதவீதம் தைலம், ரெஜதாவில் சுமார் 2.4 சதவீதம். 5 கிலோ பச்சை இஞ்சியைக் காயவைத்தால் 1 கிலோ சுக்கு தேறும். அதிலிருந்து வருவது 20 கிராம் சொச்சம், ஒரு சின்ன மருந்துக் குப்பிகூட நிறையாது. குக்கரில் குழாய் மாட்டி வீட்டிலேயே எடுத்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்கலாம்.

சரி, கொப்பரையில் தங்கிவிட்ட காரம்? அதை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. அசிட்டோன், எத்தனால் போன்ற கரைப்பான்களில் சுக்குப் பொடியை ஊறவைத்துக் கரைப்பானை ஆவியாக்கினால், கரும்பழுப்பில் பாகு போன்ற ஒன்று மிஞ்சும். தொழிலில் இதன் பெயர் ஒலியோரெசின். இஞ்சியின் மணமும் காரமும் சேர்ந்தே இதில் இருக்கும். பிஸ்கட்டிலும் குளிர்பானத்திலும் நாக்கைக் கிள்ளும் இஞ்சி பெரும்பாலும் இதுதான். சில ஆலைகளில் முதலில் நீராவியால் தைலத்தை வடித்துவிட்டு, மிஞ்சிய சக்கையிலிருந்து கரைப்பானால் காரத்தை எடுத்து, பிறகு இரண்டையும் வேண்டிய அளவில் கலக்கிறார்கள். பிரித்ததை மறுபடி சேர்ப்பதற்கா இத்தனை பாடு என்று தோன்றும். இயற்கை ஒவ்வொரு விளைச்சலுக்கும் ஒவ்வொரு அளவில் கலந்து தருவதை, வாங்குகிற கம்பெனிக்கு எப்போதும் ஒரே அளவில் தர இதுதான் வழி. இன்னொரு முறையில் கரிவளியைக் கரைப்பானாக்குகிறார்கள். 31 டிகிரிக்கும் 74 மடங்கு காற்றழுத்தத்துக்கும் மேலே அது வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் நின்று சுக்குக்குள் புகும். அழுத்தத்தைத் தளர்த்தினால் தடமின்றிப் பறந்துவிடும். கிடைப்பது அசல் இஞ்சிக்கு மிக நெருங்கிய வாசம்; ஆனால் எந்திரத்தின் விலை எல்லாராலும் எட்டக்கூடியதல்ல.

கடைகளில் 'இஞ்சி எண்ணெய்' என்று விற்பதில் கணிசமானது இவற்றில் எதுவும் இல்லை. நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ இஞ்சியைப் போட்டுக் காய்ச்சி இறக்கியது. அதுவும் நல்ல பொருள்தான், மூட்டு வலிக்குத் தேய்ப்பவர்கள் உண்டு. காரமான ஜிஞ்சரால் எண்ணெயில் கரையும் என்பதால் தேய்த்த இடத்தில் சூடும் தெரியலாம். ஆனால் வடித்த தைலத்தின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. வடித்த தைலத்தையோ அப்படியே தோலில் தேய்க்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது. நிறமடித்த குப்பியில் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பாதி காலியான குப்பியை மாதக்கணக்கில் வைத்திருந்தால் காற்று பட்டு ஜிஞ்சிபெரீன் கொஞ்சம் கொஞ்சமாகக் குர்குமீன் என்ற வேறொரு பொருளாக மாறி, மணம் மங்கும்.

எது எது என்று பார்க்க ஒரு துண்டு வெள்ளைக் காகிதம் போதும். வடித்த தைலம், காய்ச்சிய எண்ணெய் இரண்டிலிருந்தும் அதில் ஒவ்வொரு சொட்டு விட்டு மறுநாள் எடுத்துப் பாருங்கள். வடித்த தைலம் விழுந்த இடம் பெரும்பாலும் காய்ந்திருக்கும், முகர்ந்தால் இன்னும் லேசாக இஞ்சி மணக்கும். மற்ற இடத்தில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதம் போல எண்ணெய்க் கறை பளபளவென்று நிற்கும்.